ஆத்தா கேட்டால் வாசிக்க வேண்டியதுதானே?

கேள்வி: எனக்கு வயது 63. கடை வேலைக்கு நடுவே 40 ஆண்டுகளாக, யாரிடமும் பாடம் கேட்காமல் ஆர்மோனியம் வாசிக்கிறேன். தினமும் மாலை மேல்மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம். கர்நாடக சங்கீத வித்வான் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் பிறந்த வட்டாரத்தில் இருந்துகொண்டு இப்படி அரைகுறையாக வாசிக்க வெட்கமாக இருக்கிறது. கீழே படுக்கையில் இருக்கும் ஆத்தா (88) காவடிச் சிந்து வாசிக்கச் சொல்லும். கை படியட்டும் என்று தட்டிக்கழித்துவிடுவேன். பெட்டியிலும் ஒரு கட்டை, விரலை எடுத்த பிறகும் கத்துகிறது. இந்த வயதில் குருவிடம் சேரலாமா?
— பெயர் வேண்டாம், தேவகோட்டை

பதில்: சேருங்கள். யார் தடுத்தது?

கடிதம் முழுக்க உங்கள் வெட்கம். ஆத்தாவுக்கு இரண்டே வரி. 40 வருஷத்தில் படியாத கை இனி எப்போது படிந்து, 88 வயதுக்காரர் எப்போது கேட்பது? இன்னொன்று. நீங்கள் மாடியில் இருக்கும் அந்த ஒரு மணி நேரம் ஆத்தாவுக்குத் தண்ணீர் கொடுப்பது, புரட்டிப் படுக்கவைப்பது யார்? எழுதவே இல்லை. உங்கள் வீட்டு ஆச்சியாகத்தான் இருக்கும். பெற்றவளைப் பார்க்கும் பொறுப்பை மனைவி தலையில் கட்டிவிட்டு, சாதகம் என்று சொல்லி மாடியில் ஒளிந்துகொள்கிறீர்கள். அரியக்குடியை எதற்கு இதில் இழுக்கிறீர்கள்? ஆத்தா உங்களிடம் கச்சேரியா கேட்டது?

ஆர்மோனியத்தில் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து இழைப்பது, வராது என்பார்கள், உண்மைதான். அகில இந்திய வானொலியே 1940 முதல் 1971 வரை அதைத் தள்ளிவைத்திருந்தது. அதற்காக நம் நாடகக் கொட்டகைகளில் பெட்டி ஓயவில்லை. சிந்துக்கு அது தாராளமாகப் போதும்.

முதலில் அந்தக் கட்டையைப் பாருங்கள். மேல் பலகையைக் கழற்றினால், ஒவ்வொரு கட்டைக்கும் பின்னால் காற்றுத் துளையை மூடும் தோல் ஒட்டிய மூடி இருக்கும். அடியில் தூசி சிக்கினால் மூடி சரியாக உட்காராது, காற்று கசிந்து, உள்ளே ஒலியெழுப்பும் பித்தளை நாக்கான ரீடு கத்தும். மெதுவாகத் தூக்கி, மென்மையான பிரஷால் தட்டி, ஒரு காகிதத் துண்டை இடையில் விட்டு இழுங்கள். அப்படியும் கத்தினால் கம்பிச் சுருள் தளர்ந்திருக்கும். லேசாக வளைத்தால் இறுகும். எண்ணெய் மட்டும் விடாதீர்கள், தோல் ஊறி இன்னும் தூசியைப் பிடிக்கும். பித்தளை ரீடைச் சுரண்டவும் வேண்டாம், சுருதி ஓடிவிடும்.

குருவில்லாமல் கற்றவர்கள் பெரும்பாலும் ஒரே சுருதியில் நின்றுவிடுவார்கள். நீங்களும் 1 கட்டைச் சுருதியில் (C), வெள்ளைக் கட்டைகளிலேயே வாசிப்பவராக இருப்பீர்கள். ஆத்தா கூடப் பாடினால் அது சேராது. 5 கட்டையை (G) ஸ ஆக்குங்கள். அங்கிருந்து வெள்ளைக் கட்டைகளிலேயே போனால் ஹரிகாம்போதி ராகம் கிடைக்கும். காவடிச் சிந்துகளில் அதிகம் கேட்கிற செஞ்சுருட்டி ராகம் அதன் பிள்ளைதான். அதுவும் உயரமாகிக் குரல் பிசிறினால் 4 கட்டைக்கு (F) இறங்குங்கள். அப்போது ம, நி இரண்டும் கறுப்புக் கட்டையில் விழும், அவ்வளவுதான்.

செட்டிநாட்டு வீட்டின் வழுவழுப்பான சுவரும் ஆத்தங்குடிக் கல் தரையும் சத்தத்தை அப்படியே திருப்பி அடிக்கும். அதனால் இரண்டு வரிசை ரீடில் ஒன்றை மட்டும் திறந்துவையுங்கள். துருத்தியை விட்டுவிட்டு இழுக்காமல், நீளமாக, ஒரே சீராக அழுத்துங்கள். வெட்டி வெட்டி அழுத்தினால் ஒவ்வொரு ஸ்வரமும் தும்மும்.

ஆத்தா நடுவில் அடி மறந்தால் அவசரப்பட்டு எடுத்துக்கொடுக்காதீர்கள். ஸ, ப இரண்டையும் பிடித்துக்கொண்டு காத்திருங்கள். முருகன் பாட்டு தானாக வரும். வராவிட்டால் முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.

நாளை மாலையே பெட்டியைக் கீழே இறக்கி, ஆத்தாவின் கட்டிலருகே வையுங்கள். தண்ணீர்ச் செம்பும் உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும். அந்த ஒரு மணி நேரம் ஆச்சி கோயிலுக்குப் போய்வரட்டும்.