உப்பில்லாத ரொட்டியும் ஒரு சாட்சி

துப்பறியும் கதை எழுத முயலும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்தப் பகுதியில் பதில் தருகிறோம். இம்முறை எடுத்துக்கொண்டவை பேக்கரியைக் களமாகக் கொண்ட கதைகள் பற்றியவை.

தூத்துக்குடியில் மூன்று தலைமுறையாக நடக்கும் ஒரு பேக்கரியில் கொலை நடப்பதாகக் கதை எழுதுகிறேன். ரத்தம் தெறிக்காமல், வீட்டில் எல்லாரும் படிக்கும்படியான ‘கோஸி’ வகை. ஆனால் அதே கதையை ஜவுளிக்கடையில் வைத்தாலும் ஒன்றும் மாறாது போலிருக்கிறது. எங்கே தவறுகிறேன்?
— வாசகி, சாத்தூர்

கடையை மாற்றியும் கதை ஓடுகிறது என்றால், துப்பு தொழிலுக்குள்ளிருந்து வரவில்லை என்று பொருள். கண்டுபிடிக்கப் போகிறவர் போலீஸ் இல்லை. கடையில் புழங்கிப் பழகிய ஒரு மருமகளோ பேத்தியோதான். இன்ஸ்பெக்டர் கண்ணில் படாத ஒன்று அவள் கண்ணில் பட வேண்டும். அது மைதாவிலும் ஈஸ்டிலும்தான் இருக்கிறது.

பேக்கரிக்குள் யாராலும் திருத்த முடியாத ஒரு கடிகாரம் உண்டு: பிசைந்த மாவு. தூத்துக்குடியின் ராத்திரிச் சூட்டில், ஒரு கிலோ மைதாவுக்கு 10 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் போட்டால், மாவு இருமடங்காகப் பொங்க ஒன்று, ஒன்றேகால் மணி நேரம் ஆகும். பிறகு காற்றை அமுக்கி எடுத்து, எடை போட்டு, உருட்டி டின்னில் வைக்க அரை மணி. டின்னுக்குள் மறுபடி எழும்ப ஒரு மணி. ‘அவன்’ அடுப்பில் 200 முதல் 220 டிகிரியில் 30, 35 நிமிடம். வெந்த ரொட்டியை உடனே வெட்ட முடியாது. ஆற இரண்டு மணி நேரமாவது வேண்டும். கூட்டிப் பாருங்கள், பிசைவதிலிருந்து வெட்டுவது வரை ஐந்தரை மணி நேரம் போல வரும். காலை ஐந்து மணிக்கு வெட்டிக் கட்டிய ரொட்டி டீக்கடைக்குப் போயிருக்கிறது என்றால், மாவு ராத்திரி பதினொன்றரைக்குள் பிசையப்பட்டிருக்க வேண்டும். “ஒரு மணிக்குத்தான் மாஸ்டர் மாவு பிசைய ஆரம்பித்தார், நான் பார்த்தேன்” என்று ஒருவர் சொன்னால், அவர் பொய் சொல்கிறார் என்பதை ரொட்டியே சொல்லிவிடும்.

அவசரப்பட்டுச் சூட்டோடு வெட்டியிருந்தால்? அதுவும் தெரியும். கத்தி இழுத்த இடமெல்லாம் ரொட்டி பிய்ந்து, உள்ளே பசை போல ஒட்டும். பாக்கெட்டின் உட்புறம் வியர்த்திருக்கும்.

எங்களுக்கு மிகவும் பிடித்த துப்பு உப்புதான். ரொட்டி மாவில் உப்பு மைதாவின் எடையில் சுமார் 2 சதவீதம். 10 கிலோவுக்கு 200 கிராம். உப்பு ஈஸ்டைக் கட்டுப்படுத்தி மாவை இறுக்குகிறது. அது விடுபட்டால் மாவு மளமளவென்று பொங்கும், தளர்ந்து கையில் ஒட்டும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று தீர்ப்பதால் ரொட்டியின் மேல்தோல் சிவக்காமல் வெளிறிக் கிடக்கும். முப்பது வருஷ மாஸ்டர் உப்பை மறக்க மாட்டார். மைதாவும் தண்ணீரும் ஈஸ்டும் போட்ட பிறகு, உப்பை எடுக்கத் திரும்பிய நேரத்தில் ஏதோ நடந்திருக்கிறது; மிச்ச வேலையை வேறொரு கை முடித்திருக்கிறது. இதை எப்படி நடுவது என்பதில்தான் எழுத்தாளரின் திறமை. மூன்றாம் பக்கத்திலேயே டீக்கடைக்காரர் வந்து, “என்ன மதினி, இன்னைக்கு ரொட்டி சப்புன்னு இருக்கு?” என்று குறை சொல்லிவிட்டுப் போகட்டும். வாசகர் அதைத் தினசரிப் புலம்பல் என்று கடந்து போவார். கடைசியில் திரும்பி வரும்போது, எல்லாம் தன் கண் முன்னால்தான் இருந்தது என்று தெரியும். இந்த நேர்மை இல்லாமல் கோஸி கதை நிற்காது.

தூத்துக்குடி என்றால் மக்ரூன் இல்லாமலா? அதில் துப்பு வைக்க முடியுமா?
— கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

ரொட்டியைவிட அதிகமாகவே வைக்கலாம். மக்ரூனில் இருப்பது மூன்றே பொருள்: முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. பொருள் குறைவு என்பதால் எந்தப் பிசகும் மறையாது.

முதலில் எண்ணிக்கை. ஒரு முட்டையில் வெள்ளைக்கரு 30 முதல் 35 கிராம். மூன்று கிலோ வெள்ளைக்கருவுக்குச் சுமார் 90 முட்டை, அதாவது மூன்று அட்டை. “ராத்திரி முழுக்க மூன்று கிலோ அடித்தேன், இடத்தை விட்டு நகரவே இல்லை” என்பவரின் பின்னால் ஒரே ஒரு காலி அட்டை கிடந்தால் போதும். மஞ்சள்கருவையும் மறக்காதீர்கள். 90 முட்டைக்கு ஒன்றரைக் கிலோ மஞ்சள்கரு மிஞ்சும். எந்த பேக்கரியிலும் அதைக் கொட்ட மாட்டார்கள். கேக்குக்குப் போகும், இல்லை வேறு கடைக்கு விற்பார்கள். ஃபிரிட்ஜில் மஞ்சள்கரு வாளி காலியாக இருப்பதை ஒரு பேத்திதான் கவனிப்பாள்.

அடுத்தது பாத்திரம். வெள்ளைக்கருவில் துளி எண்ணெயோ மஞ்சள்கருவோ கலந்துவிட்டால் நுரை சரியாக எழும்பாது. அதனால் மக்ரூன் பாத்திரத்தை வேறு எதற்கும் தொட விடமாட்டார்கள். அன்று காலை எவ்வளவு அடித்தும் நுரை நிற்கவில்லை என்றால், ராத்திரி அந்தப் பாத்திரம் வேறு எதற்கோ பயன்பட்டு, அவசரமாகக் கழுவி வைக்கப்பட்டிருக்கிறது. முந்திரியை அதிகம் அரைத்து எண்ணெய் விட்டாலும் நுரை அமுங்கும். எனவே பொய்யான ஒரு விளக்கமும் உங்களுக்குக் கையிலேயே கிடைக்கிறது. முதலில் எல்லாரும் முந்திரியைத்தான் சந்தேகிக்கட்டும்.

கடைசியாக ஈரம். சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கடலோர ஊரில், அதிலும் ஐப்பசி, கார்த்திகை மழையில், திறந்து வைத்த மக்ரூன் சீக்கிரமே நமத்துவிடும். ஆறியதும் பாக்கெட்டில் போட்டு ஒட்டுவது அதனால்தான். வரிசையாக ஒட்டிய பாக்கெட்டுகளில் ஒன்றில் மட்டும் மக்ரூன் நமத்திருந்தால், யாரோ அதைத் திறந்து மறுபடி ஒட்டியிருக்கிறார்கள்.

கேக்கில் விஷம் வைத்துக் கொல்வதாக எழுதலாமா?
— வாசகர், தஞ்சாவூர்

எழுதலாம், ஆனால் தவிர்க்கச் சொல்வோம். காரணம் வரலாறே. 1857 ஜனவரி 15 அன்று ஹாங்காங்கில் ஈசிங் என்ற பேக்கரியின் ரொட்டியில் ஆர்சனிக் கலந்திருந்தது. அதைச் சாப்பிட்ட பல நூறு ஐரோப்பியர்கள் நோயில் விழுந்தார்கள். விஷம் அளவுக்கு மீறி இருந்ததால் உடனே வாந்தி எடுத்தார்கள். பெரும்பாலானோர் பிழைத்ததற்குக் காரணம் அதுதான். பேக்கரி உரிமையாளர் சியோங் ஆ-லம் மீது வழக்கு நடந்தது. ஜூரி அவரை விடுவித்தது. அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில், மிட்டாயில் கலப்படம் செய்ய வாங்கப் போன பொடிக்குப் பதிலாக மருந்துக்கடையில் தவறுதலாக ஆர்சனிக்கை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். சுமார் இருபது பேர் இறந்தார்கள். நமக்குப் பக்கத்திலேயே, 1958-ல் கேரளத்தில், கப்பலில் உணவுப்பொருளோடு ஏற்றி வந்த பாரத்தியான் பூச்சிமருந்து கசிந்து கலந்ததில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1968-ன் பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்குப் பின்னணி அந்தத் துயரம்தான்.

இவற்றில் பொதுவாக இருப்பதைக் கவனியுங்கள். பேக்கரிச் சரக்கில் கலந்த விஷம் ஆள் பார்த்துப் போகாது. தெருக் குழந்தைகள் சாப்பிடும் பன்னில் விஷம் என்று எழுதிவிட்டால், வாசகருக்கு அதன் பிறகு அந்தக் கடையில் இளைப்பாற முடியாது. கோஸி கதையின் கதகதப்பு அங்கேயே அணைந்துவிடும். ஒருவருக்கு மட்டும் நேரும் மரணத்தைத் தேர்ந்தெடுங்கள்: மாடிப்படியில் தள்ளிவிடுதல், மைதா மூட்டை அடுக்கு சரிந்ததுபோல் காட்டுதல், பூட்டிய அறையில் அடுப்புப் புகை. விறகு அடுப்பின் தணலை மூடிய அறையில் வைத்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமோ மணமோ கிடையாது. அதில் இறந்தவரின் உடலில் ரத்தம் தேங்கிய இடங்கள் செந்நிறமாகத் தெரியும் என்பதால், விபத்தா கொலையா என்ற கேள்வி பிரேதப் பரிசோதனைக்குப் பிறகே எழும்.

பெரியவரின் உடல் விறகு அடுப்புக்குப் பக்கத்தில் கிடக்கிறது. இறந்த நேரத்தை டாக்டர் சரியாகச் சொல்லிவிட்டால் கதை முடிந்துவிடுமே?
— வாசகி, நாகர்கோவில்

முடியாது, அடுப்பு உங்களுக்குத் துணை நிற்கிறது. இறந்த உடல் மெல்லக் குளிர்வதையும் விறைப்பதையும் வைத்துத்தான் நேரத்தைக் கணிக்கிறார்கள். செங்கல் அடுப்பு தீயை வெளியே இழுத்த பிறகும் மறுநாள் வரை சூடு பிடித்திருக்கும். அதன் அருகில் உடல் மிக மெதுவாகக் குளிரும். விறைப்போ சீக்கிரம் வந்து சீக்கிரம் தளரும். ஆக, ஒரு அடையாளம் ‘இப்போதுதான்’ என்று சொல்லும், இன்னொன்று ‘வெகுநேரம் ஆயிற்று’ என்று சொல்லும். அனுபவமுள்ள டாக்டர் அடுப்பைக் கணக்கில் எடுத்து ஒரு பெரிய இடைவெளியைத்தான் தருவார். அந்த இடைவெளியைச் சுருக்கும் வேலையை மாவுக்குக் கொடுங்கள்.

அடுப்புச் சூட்டுக்கும் ஒரு வரிசை உண்டு. உச்சச் சூட்டில் ரொட்டி, பன். சூடு இறங்கியதும் கேக். கடைசி மிதமான சூட்டில் ரஸ்க், மக்ரூன். ரஸ்க் தட்டு கரிந்து, ரொட்டி வேகாமல் கிடந்தால் வரிசை மாறியிருக்கிறது.

போலீஸ் இருக்கும்போது மருமகள் துப்பறிய எவ்வளவு நாள் கிடைக்கும்?
— வாசகர், கோவில்பட்டி

தாராளமாகக் கிடைக்கும். சந்தேக மரணம் என்றால் முதலில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-வது பிரிவில் வழக்கு பதிவாகும். 2024 ஜூலை 1-க்கு முன் நடக்கும் கதை என்றால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174. இதைப் பலர் தவறாக எழுதுகிறார்கள். பிரேதப் பரிசோதனையில் இரைப்பை, கல்லீரல், சிறுநீரகப் பகுதிகளைப் பொதுவாக உப்புக் கரைசலில் இட்டு, முத்திரை வைத்துத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அறிக்கை வரும்வரை வழக்கு ‘சந்தேக மரணம்’ என்றே நிற்கும். வாரக்கணக்கில் ஆவது இயல்பு. கடையும் திறந்தாக வேண்டும், உறவினர்களும் துக்கம் கேட்க வந்து போவார்கள். மருமகளுக்கு இதைவிட நல்ல நேரம் ஏது?

ஒரு எச்சரிக்கை: அவள் பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது. பார்க்கட்டும், எண்ணட்டும், ருசிக்கட்டும், நினைவில் வைக்கட்டும்.

குடும்பத்துக்குள் கொலைக்கு என்ன காரணம் வைப்பது? ரகசியச் செய்முறை என்று எழுதினால் நம்புவார்களா?
— ஆசிரியை, சிவகாசி

செய்முறைக்காகக் கொலை என்பது பலவீனம். மூன்றே பொருள் கொண்ட மக்ரூனில் ரகசியம் தாளில் இல்லை, கையில் இருக்கிறது. மாஸ்டரைக் கொன்றால் அதுவும் போய்விடும். (செய்முறைத் தாளைத் திருடியவர் தொழில் தெரியாதவர் என்று காட்ட இதையே பயன்படுத்தலாம்.)

பத்திரத்தைப் பாருங்கள். அண்ணன் தம்பி இருவரே பங்குதாரர்கள் என்றால், ஒருவர் இறந்ததும் கூட்டு கலைந்துவிடும். 1932-ன் கூட்டாண்மைச் சட்டம் அப்படி. கணக்கு முடித்து இறந்தவரின் பங்கை வாரிசுகளுக்குத் தர வேண்டும். மெயின் ரோட்டில் கடை மனை இருந்தால் அதை விற்கும் நிர்ப்பந்தமும் வரும். அண்ணன் உயிரோடு இருந்தவரை விற்க முடியாமல் தவித்தவர் யார் என்று தேடுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் 25-வது பிரிவுப்படி, கொன்றவருக்குச் சொத்து போகாது. அதனால்தான் உங்கள் குற்றவாளி அதை விபத்தாகக் காட்ட அவ்வளவு பாடுபடுகிறார்.

மைதா மாவு வெடிக்குமாமே?
— வாசகர், திருச்சி

வெடிக்கும். காற்றில் அடர்த்தியாகப் பறக்கும் மாவுத் தூசியில் தீ பட்டால் போதும். 1785 டிசம்பர் 14 அன்று இத்தாலியின் டூரின் நகரில் ஒரு பேக்கரியின் மாவுக் கிடங்கில் விளக்கு எரிந்துகொண்டிருந்தபோது அப்படி வெடித்தது பதிவாகியிருக்கிறது. ஆனால் மூட்டையில் கிடக்கும் மாவு வெடிக்காது. ஒரு கைப்பிடி தூவினாலும் கட்டடம் இடியாது. கோஸி கதைக்கு இது பெரிய சத்தம். வேண்டாம்.

உரையாடலை எப்படி எழுதுவது?
— வாசகி, சென்னை

‘வெதுப்பகம்’ என்று கதாபாத்திரம் பேச வேண்டாம்; பேக்கரி, மாஸ்டர், டிரே, டின், அவன் போதும். முதலாளியை ‘அண்ணாச்சி’ என்பார்கள், அண்ணன் மனைவியை ‘மதினி’. யாழ்ப்பாணத்தில் கதை வைத்தால் எல்லாமே மாறும்: ரொட்டி ‘பாண்’, அடுப்பு ‘போறணை’.

முடிவில் செய்முறை ஒன்று சேர்க்கலாமா?
— வாசகி, மதுரை

சேர்க்கலாம், ஆனால் செய்து பார்த்துவிட்டுத்தான். வீட்டு அளவு: மூன்று முட்டையின் வெள்ளைக்கரு (100 கிராம்), பொடித்த சர்க்கரை 150 கிராம், கொரகொரப்பாகப் பொடித்த முந்திரி 150 கிராம். துடைத்துக் காய்ந்த பாத்திரத்தில் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, சர்க்கரையைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்து, கூம்பு நிமிர்ந்து நிற்கும்வரை அடிக்க வேண்டும். முந்திரியைக் கையால் மெல்லக் கலந்து, காகிதக் கூம்பில் இட்டுப் பிழிந்து, 110 முதல் 120 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, அடுப்பை அணைத்த பிறகும் உள்ளேயே ஆற விடுங்கள். நடுவில் கதவைத் திறந்தால் விரிசல் விடும். உங்கள் கதையில் யாரோ நடு ராத்திரியில் அந்தக் கதவைத் திறந்திருந்தால், விரிசல் விட்ட தட்டைச் செய்முறைக்கு முந்தைய பக்கத்தில் வைக்காதீர்கள். முதல் அத்தியாயத்தில், கடை வாசலில், பாதி விலைக்கு விற்கும் உடைசல் பாக்கெட்டாக வையுங்கள்.