குதிரைப் பக்கம் போக விரும்பும் மகன்: கேரள எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறைத் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

தத்தமங்கலம் வேலைத் திருவிழாவில் குதிரையோட்டம் பார்த்த நாளிலிருந்து மகன் குதிரை வைத்தியத்துக்குத் துணை நிற்கும் வேலைக்கே போவேன் என்று பிடிவாதம் பிடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பிளஸ் டூவில் உயிரியல் எடுத்திருப்பதால் வழி அடைபடவில்லை. ஆனால் குதிரையை மட்டும் நம்பிப் படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் ஏறக்குறைய 3.4 லட்சம்தான், 2012இல் இருந்ததைவிட இது 45 சதவீதத்துக்கும் மேல் குறைவு. பந்தயத் துறையின் நிலையும் முன்போல் இல்லை. பந்தயப் பணத்தின் முழுத் தொகைக்கும் 2023 அக்டோபர் முதல் 28 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்பட்டது, 2025 செப்டம்பரில் அது 40 சதவீதமாக உயர்ந்தது. சென்னை கிண்டி பந்தயத் திடலின் குத்தகையை ரத்து செய்த தமிழ்நாடு அரசு, 2024இல் அந்த நிலத்தைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. பெங்களூரு, மைசூரு, ஹைதராபாத், புனே போன்ற ஊர்களில் பந்தயக் குதிரைகளுக்கான லாயங்களும் மருத்துவர்களும் இன்னும் இருக்கிறார்கள் என்றாலும், அங்கே உதவியாளர் வேலை விளம்பரம் பார்த்துக் கிடைப்பது அரிது. பெரும்பாலும் தெரிந்தவர் சொல்லித்தான் கிடைக்கிறது.

மேல்நாடுகளில் வெட்டரினரி டெக்னீசியன் (கால்நடை மருத்துவருக்கு உதவுபவர்) என்பது தேர்வும் பதிவும் உள்ள தனித் தொழில். நம் நாட்டில் அப்படி இல்லை. 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் குழுமச் சட்டப்படி, வைத்தியம் செய்யும் உரிமை பதிவு பெற்ற மருத்துவருக்கே உண்டு. பட்டயம் படித்தவர் அவருடைய மேற்பார்வையில் சிறு சிகிச்சைகளை மட்டும் செய்யலாம். லாயத்தில் தனியாக ஊசி போட்டுச் சம்பாதிக்கலாம் என்று எவராவது உங்கள் மகனிடம் சொல்லியிருந்தால், அது சட்டத்துக்கு எதிரான யோசனை என்று தயங்காமல் சொல்லுங்கள்.

ஆகவே முதல் முயற்சி கால்நடை மருத்துவப் பட்டமாக இருக்கட்டும். ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியும் சேர்த்து அது ஐந்தரை ஆண்டுப் படிப்பு. எல்லையில் வாழும் நம்மவர்கள் இடறுவது இந்த இடத்தில்தான். தமிழ்நாட்டில் பெரும்பாலான இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து நிரப்பப்படுகின்றன. உடுமலைப்பேட்டைக் கல்லூரி பக்கத்தில்தானே இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் அந்த இடங்கள் தமிழ்நாட்டவருக்கு உரியவை. தமிழ்வழியில் படித்திருந்தாலும் கேரளப் பள்ளியில் படித்துக் கேரளத்திலேயே குடியிருக்கும் மாணவருக்குப் பொதுவாக அவை கிடைப்பதில்லை. உங்கள் மகனுக்குப் பொருந்துவது கேரள ஒதுக்கீடு. மண்ணுத்தி, பூக்கோடு ஆகிய இரண்டு கல்லூரிகளுக்கும் நீட் மதிப்பெண் வேண்டும். நீட் தேர்வைத் தமிழில் எழுத விரும்பினால் விண்ணப்பத்திலேயே தமிழைக் குறித்து, தமிழ்நாட்டில் உள்ள மையத்தைக் கேட்க வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டு, கடைசி நேரத்தில் ஆங்கில வினாத்தாளோடு போராடிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

பட்டப்படிப்புக்கு இடம் கிடைக்காவிட்டால், ராணுவத்தின் குதிரைகளையும் மற்ற விலங்குகளையும் பராமரிக்கும் ரீமவுண்ட் கால்நடைப் படைப்பிரிவை நினைவில் வையுங்கள். 1779இல் தொடங்கிய அந்தப் பிரிவின் பயிற்சி மையம் மீரட்டில் இருக்கிறது. கால்நடை நர்சிங் உதவியாளர் பணிக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகிய பாடங்களுடன் பிளஸ் டூ தேறியிருக்க வேண்டும். குதிரையோடும் கோவேறு கழுதையோடும் முறையாகப் பழகிச் சம்பளமும் பெறக்கூடிய இடம் இதைவிட வேறு எனக்குத் தோன்றவில்லை.

பலர் யோசிக்காத இன்னொரு வாசல் பாம்புக்கடி மருந்து. விஷமுறிவு மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்துதான் தயாராகிறது. சிறு அளவில் விஷம் செலுத்தப்பட்ட குதிரைகளின் பிளாஸ்மாவைப் பிரித்து எடுக்கிறார்கள். தெலங்கானாவிலும் மகாராஷ்டிரத்திலும் உள்ள தயாரிப்பு நிறுவனங்கள் இதற்காகவே குதிரைகளை வளர்ப்பதால், அவற்றின் உடல்நிலையை நாள்தோறும் பார்க்க ஆட்கள் தேவைப்படுகிறார்கள். பந்தயத்தைப் போன்ற பகட்டு இதில் இல்லை, ஆனால் வேலை நிலையானது.

வளைகுடாவில் லாய வேலை என்று முகவர்கள் வந்தால், மகனை அனுப்புவதற்கு முன் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் பதவியைப் படியுங்கள். குதிரை மருத்துவமனை என்று வாயால் சொல்லிவிட்டு, தாளில் குதிரைக்காரர் வேலை என்று எழுதுவது புதிதல்ல. முகவர் உரிமம் பெற்றவரா என்பதை அரசின் இமைகிரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக ஒரு சோதனை வேண்டும். கோயம்புத்தூர்ப் பக்கத்தில் உள்ள குதிரையேற்றப் பயிற்சிக்கூடம் ஒன்றில் விடுமுறையில் இரண்டு வாரம் சம்பளமின்றி வேலை செய்யட்டும். விடியலில் சாணம் அள்ளுவதும் குளம்பு சுரண்டுவதும் கொள்ளும் புல்லும் அளந்து போடுவதும்தான் இந்தத் தொழிலின் அரிச்சுவடி. வயிற்று வலி வந்த குதிரை முன்காலால் தரையைப் பிறாண்டும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், படுத்துப் புரளும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதால் மருத்துவர் மூக்கின் வழியே குழாய் செலுத்தி இரைப்பையைக் காலி செய்ய வேண்டியிருக்கும். அந்த நேரம் முழுவதும் தலைக்கயிற்றைப் பிடித்து அமைதிப்படுத்துவதும், தாடைக்கு அடியில் விரல் வைத்து நாடி எண்ணிச் சொல்வதும் உதவியாளர் கடமை. ஓய்விலிருக்கும் குதிரைக்கு நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். அறுபதைத் தாண்டினால் மருத்துவரின் முகமே மாறிவிடும். நள்ளிரவில் இப்படி ஒன்றரை மணி நேரம் நின்ற பிறகும் மறுநாள் லாயத்துக்குப் போக வேண்டும் என்று உங்கள் மகனுக்குத் தோன்றினால், நீட் முடிவோடு அவனை அழைத்துக்கொண்டு என்னை வந்து பாருங்கள்.

லாயத்துக்கு அனுப்பும் முன் டெட்டனஸ் ஊசி போட்டுவிடுங்கள். குதிரைச் சாணம் கலந்த மண்ணில் அந்தக் கிருமி இருக்கும்.