இரண்டு ‘கொ’ – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய எழுத்துருவில் இருந்த ஒரு நாவலை யூனிகோடுக்கு மாற்றி, இமேக்ஸ் என்ற உரைத்திருத்தியில் மெய்ப்புப் பார்த்துவருகிறேன். ‘கொடி’ என்று தேடினால் சில இடங்களில் நிற்கிறது. கண்ணெதிரே இருக்கும் வேறு சில ‘கொடி’களைத் தாண்டிப் போய்விடுகிறது. கொம்பும் காலும் தனித்தனியாகக் கிடப்பதுதான் காரணம் என்றார் ஒரு நண்பர். நாவலிலிருந்தே அந்தப் பிரிந்த வடிவத்தை வெட்டி ஒட்டி, ஒன்றானதாக மாற்றும் சிறு நிரலை இமேக்ஸின் நிரல்மொழியான லிஸ்பில் எழுதி, ஒவ்வொரு சேமிப்புக்கும் முன் தானாக ஓடும்படி பிஃபோர்-சேவ்-ஹூக்கில் மாட்டினேன். அன்று ‘கொ’ எல்லாம் சரியானது. அடுத்த சுற்றில் மாற வேண்டிய ‘கோ’ மாறவே இல்லை. சேமிக்கும்போதெல்லாம் கர்சர் எங்கோ கடைசி ‘கொ’வில் போய் நிற்கிறது. மறுநாள் இமேக்ஸைத் திறந்தால் ‘கொ’வும் மாறுவதில்லை. பிழைச் செய்தி எதுவும் கண்ணில் படவில்லை. இடையில், அந்த நிரல் இருக்கும் இமேக்ஸின் தொடக்கக் கோப்பைத் திறந்து எழுத்தின் அளவைக் கூட்டிச் சேமித்தேன், அவ்வளவுதான்.

– ஒரு மெய்ப்புத் திருத்துநர்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசியாகப் போகிறபோக்கில் சொன்னீர்களே, எழுத்தின் அளவைக் கூட்டியது, அங்கேதான் விஷயம் இருக்கிறது. உங்கள் நிரல் தன்னையே திருத்திக்கொண்டது.

நீங்கள் மாட்டிய ஹூக் நாவலுக்கு மட்டுமானதல்ல, இமேக்ஸில் சேமிக்கப்படும் எல்லாக் கோப்புக்குமானது. தொடக்கக் கோப்பைச் சேமித்தபோது அதிலும் ஓடியது. அங்கே மேற்கோள் குறிக்குள் நீங்கள் ஒட்டிவைத்திருந்த பிரிந்த ‘ொ’வைக் கண்டது, ஒன்றான ‘ொ’வாக்கிவிட்டது. இப்போது உங்கள் நிரல் ஒன்றானதைத் தேடி ஒன்றானதையே வைக்கிறது. நினைவகத்தில் பழைய நிரல் இருந்ததால் அன்று முழுக்க வேலை செய்தது. மறுநாள் திறந்தபோது கெட்டுப்போன கோப்பு ஏறியது.

சரிபார்க்க, அந்த மேற்கோள் குறிக்குள் இருக்கும் எழுத்தின் மேல் கர்சரை வைத்து கன்ட்ரோல்-எக்ஸ், பிறகு சமக்குறி. கீழ்வரியில் எழுத்தின் எண் வரும். 3014 என்றால் தனிக் கொம்பு, அதாவது பிரிந்த வடிவம் இன்னும் பத்திரமாக இருக்கிறது. 3018 என்றால் ஒன்றாகிவிட்டது. நாவலில் சோதிக்க இவ்வளவுகூட வேண்டாம். ‘கொ’வுக்குப் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒரே ஒரு முறை தட்டுங்கள். ‘க’ மிஞ்சினால் ஒன்றானது, ‘கெ’ மிஞ்சினால் பிரிந்தது. அம்புக்குறி விசை உதவாது. அது இரண்டையும் ஒரே எழுத்தாகத்தான் தாண்டும். கண்ணும் உதவாது. 27ஆம் பதிப்பிலிருந்து எழுத்துகளைக் கோத்து வரைவது ஹார்ஃபஸ் என்ற மென்பொருள். நல்ல எழுத்துருவில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

‘கோ’ மாறாததற்குக் காரணம் வேறு. சர்ச்-ஃபார்வர்ட் கட்டளைக்குத் தேடும் சரத்தை மட்டும் கொடுத்திருப்பீர்கள். அப்படிக் கொடுத்தால், இனி இல்லை என்ற நிலை வந்ததும் அது பிழையை எழுப்பும். நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும், இரண்டாவது சுற்று தொடங்கவே தொடங்காது. சேமிப்பு மட்டும் நிற்காது. அதனால் பிழைச் செய்தியின் மேல் உடனே ‘எழுதியாயிற்று’ என்ற செய்தி வந்து மூடிவிடும். செய்திகள் சேரும் மெசேஜஸ் பஃபரைத் திறந்தால் முந்தைய வரியில் அது கிடக்கும். சரத்துக்குப் பிறகு நில் (nil, இல்லை), டி (t, ஆம்) என்று இரண்டு சேர்த்துக் கொடுங்கள். மூன்றாவதாக நிற்கும் அந்த டி இருந்தால், கிடைக்காதபோது பிழைக்குப் பதில் நில் திரும்பும், சுற்று ஒழுங்காக முடியும்.

இனி நிரலை எப்படி எழுதுவது? மேற்கோள் குறிக்குள் எழுத்தையே வைக்காதீர்கள், எண்ணால் எழுதுங்கள். (ஸ்ட்ரிங் 3014 3006) என்றால் கொம்பும் காலும், (ஸ்ட்ரிங் 3018) என்றால் ஒன்றான ‘ொ’. தட்டும்போது கட்டளைச் சொல் ஆங்கிலத்தில். எண்ணை எந்த ஹூக்கும் தின்னாது. தமிழுக்கு மொத்தமே நான்கு இணைதான்: 3014, 3006 சேர்ந்தால் 3018, 3015, 3006 சேர்ந்தால் 3019, அதாவது ‘ோ’, 3014, 3031 சேர்ந்தால் 3020, ‘ௌ’, 2962, 3031 சேர்ந்தால் 2964, ‘ஔ’. ஒவ்வோர் இணைக்கும் கர்சரைக் கோப்பின் தொடக்கத்துக்குக் கொண்டுபோய்ச் சுற்றை ஓட்டுங்கள். முழுவதையும் சேவ்-எக்ஸ்கர்ஷனுக்குள் போடுங்கள், கர்சர் இருந்த இடத்துக்கே திரும்பும். அதற்குள் சேவ்-ரெஸ்ட்ரிக்ஷன், அதற்குள் முதல் வரியாக, கோப்பு முழுவதையும் விரித்துக் காட்டும் வைடன். இது இல்லையென்றால், ஓர் அத்தியாயத்தை மட்டும் குறுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சேமித்தால் அந்த அத்தியாயம் மட்டும் திருந்தும்.

ஹூக்கை மாட்டும்போது ஆட்-ஹூக்கின் கடைசி இரண்டு இடங்களில் நில், டி. கடைசி டி, ஹூக்கை அந்த ஒரு பஃபரோடு, அதாவது திறந்திருக்கும் அந்த ஒரு கோப்போடு நிறுத்தும். அந்த வரியை, உரைக் கோப்பைத் திறக்கும்போது ஓடும் டெக்ஸ்ட்-மோட்-ஹூக்கில் வைத்தால் லிஸ்ப் கோப்புகள் பக்கம் அது போகாது. லாம்டா எனப்படும் பெயரில்லாச் செயல்கூறை பிஃபோர்-சேவ்-ஹூக்கில் நேரடியாகப் போடாமல், பெயருள்ள செயல்கூறாக எழுதுங்கள். லாம்டாவைத் திருத்தி மறுபடி இயக்கினால் பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும். கோப்பிலிருந்து வரியை அழித்தாலும் திறந்திருக்கும் இமேக்ஸில் ஹூக் கழலாது. ரிமூவ்-ஹூக் வேண்டும், இல்லையென்றால் மூடித் திறக்க வேண்டும். மூடித் திறந்தும் பழையதே ஓடினால், தொடக்கக் கோப்பின் பக்கத்தில் .இஎல்சி (.elc) என்று முடியும் தொகுத்த பிரதி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், பழையதாக இருந்தாலும் இமேக்ஸ் அதைத்தான் ஏற்றும். அழித்துவிடுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்று: ஒரே ஒரு நாவலுக்கு ஹூக்கே தேவையில்லை என்பது என் கட்சி. கன்ட்ரோல்-எக்ஸ் ஹெச் அழுத்தி முழுவதையும் தேர்ந்து, மெட்டா-எக்ஸ் (ஆல்ட் விசையோடு எக்ஸ்) கொடுத்து யுசிஎஸ்-நார்மலைஸ்-என்எஃப்சி-ரீஜன். நான்கு இணையும் ஒரே தட்டில் சேர்ந்துவிடும். மாற்றிய கோப்புகளிலிருந்து தினமும் வெட்டி ஒட்டுபவருக்குத்தான் ஹூக். அவருக்கும் இந்தக் கட்டளையை ஹூக்கில் வைக்கச் சொல்லமாட்டேன், ஏனென்றால் அது தமிழோடு நிற்காது. இடையில் இந்தி மேற்கோள் இருந்து, அதில் கீழ்ப்புள்ளி வைத்த ககரம் 2392 என்ற ஒற்றை எண்ணாக இருந்தால், அதை இரண்டாகப் பிரித்துவிடும். யூனிகோடின் விதியே அப்படி. நான்கு இணை உள்ள உங்கள் நிரல் அதைத் தொடாது.

அடுத்து நீங்கள் முட்டப்போவது ‘ௌ’வில். பழைய எழுத்துருக்களில் கொம்புக்குப் பின்னால் ளகரத்தையே தட்டிப் பழகியவர்கள் நிறைய. அதனால் ‘கௌரவம்’ என்பது ‘கெ’, ‘ள’ (2995) என்று உட்கார்ந்திருக்கும். யூனிகோடைப் பொறுத்தவரை அது பிழையே அல்ல, சரியான இரண்டு எழுத்து. எனவே எந்த ஒருங்கிணைப்பும் அதைத் திருத்தாது. கண்ணை மூடிக்கொண்டு ‘ெள’ எல்லாவற்றையும் மாற்றினாலோ ‘தெளிவு’, ‘வெள்ளம்’, ‘கெளுத்தி’ மூன்றும் சிதையும்.

இந்தச் சொற்களில் ளகரத்துக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ இருக்கிறது, ‘மெளனம்’, ‘செளகரியம்’, ‘பெளர்ணமி’ ஆகியவற்றில் இல்லை. அதைப் பிடித்துக்கொள்ளலாம். மெட்டா-எக்ஸ் அக்கர் (occur) கொடுத்து, ‘ெள’ எழுதி, அதையடுத்து சதுர அடைப்புக்குள் ‘இவை தவிர’ என்று பொருள்படும் தொப்பிக் குறி (^), ‘ா’ (3006), சிறு கோடு, ‘்’ (3021). தனி உயிர்க்குறியைத் தட்ட விசைப்பலகை மறுத்தால் கன்ட்ரோல்-எக்ஸ் 8, என்டர். பிறகு ஹேஷ் குறி, 10, சிறிய ஆர், அதையொட்டி எண். ஹேஷும் ஆரும் இல்லாமல் வெறும் எண்ணைக் கொடுத்தால் பதினாறடிமானமாக எடுத்துக்கொண்டு வேறெதையோ செருகும்.

சிக்கியவை ஒரு பட்டியலாக வரும். அதில் ஈ (e) விசையைத் தட்டினால் பட்டியலிலேயே திருத்தலாம். திருத்தம் நாவலிலும் விழும். முடிந்ததும் கன்ட்ரோல்-சி இரண்டு முறை. முன்னூறு பக்க நாவலானாலும் இதைக் கண்ணால் பார்த்து ஒவ்வொன்றாகச் செய்யுங்கள், நிரலிடம் விடாதீர்கள்.

அப்படியே ‘ஸ்ரீ’யையும் ஒருமுறை தேடுங்கள். ஸகரத்தில் (3000) தொடங்குவது ஒன்று, 2005இல் யூனிகோடுக்குள் வந்த ஶகரத்தில் (2998) தொடங்குவது இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஒரே உருவம். நாவல் முழுக்க ஏதாவது ஒன்று இருந்தால் போதும்.