வெயிலிலும் ஜெர்சியைக் கழற்றாத மகள்: வாசகர் கேள்விகள்

(பதில் சொல்பவர், டர்பன் பக்கம் அரசு கிளினிக்கில் சிஸ்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்.)

என் மகளுக்கு 16 வயது, கிரேடு 11. இந்தப் புழுக்கத்திலும் முழுக்கை ஜெர்சியைக் கழற்ற மாட்டேன் என்கிறாள். துணி துவைக்கும்போது ஜெர்சிக் கையின் உள்பக்கத்தில் ரத்தக் கறையைப் பார்த்தேன். மாமியார் திருஷ்டி என்கிறார். அடுத்த தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்துகொண்டிருக்கிறார். கணவரோ, "வெளியே தெரிந்தால் ரெகார்டில் ஏறிவிடும், நாளைக்கு வேலை கிடைக்காது" என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?
*— ஒரு தாய், சாட்ஸ்வொர்த்*

முதலில் மகளின் பேச்சைக் கேளுங்கள் அம்மா. அவள் இன்னும் வாயே திறக்கவில்லை என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. கேட்டால்தான் திறப்பாள்.

இன்று ராத்திரி சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும்போது அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். கண்ணுக்குக் கண் பார்த்துப் பேசுவதைவிட, இரண்டு பேர் கையிலும் வேலை இருக்கும்போது இந்த வயசுப் பிள்ளைகள் சுலபமாகப் பேசுவார்கள். "ஜெர்சியில ரத்தம் பாத்தேன் கண்ணு. திட்ட மாட்டேன். என்ன ஆச்சு?" இவ்வளவு போதும். பிறகு அவள் பேசட்டும். பேசாமல் இருந்தாலும் அங்கேயே நில்லுங்கள். கையைக் காட்டு என்று பிடித்து இழுக்க வேண்டாம்.

அடுத்த கேள்வி கேட்க உங்களுக்கு நாக்கு எழாது. ஆனாலும் கேட்டே ஆக வேண்டும்: "செத்துப் போயிடலாம்னு எப்பவாவது தோணியிருக்கா?" கேட்டால் இல்லாத நினைப்பை நாமே ஊட்டிவிடுவோமோ என்று எல்லாத் தாய்மாரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது, இதை ஆராய்ந்து பார்த்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான். யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கும் பிள்ளைக்கு அந்தக் கேள்வியே பெரிய ஆறுதல். கையைக் கீறிக்கொள்ளும் பிள்ளைகள் எல்லாருமே சாக நினைப்பவர்கள் இல்லை. தாங்க முடியாத மனப்பாரத்தைக் கொஞ்ச நேரம் இறக்கிவைக்க அப்படிச் செய்பவர்கள் நிறைய. ஆனாலும் இதை லேசாக விடக் கூடாது.

"ஆமாம்" என்று சொன்னால் அவளைத் தனியே விடாதீர்கள். 0800 567 567 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, பதற்றக் குழு நடத்தும் தற்கொலைத் தடுப்பு எண் இது. ராப்பகல் எந்த நேரமும் ஆள் இருப்பார்கள், காசு இல்லை. பேச வராவிட்டால் 31393-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் அவர்களே திருப்பிக் கூப்பிடுவார்கள். வீட்டில் இருக்கும் மாத்திரைகள், மாமியாரின் பிரஷர் மாத்திரை உட்பட, எலி மருந்து எல்லாவற்றையும் இன்றே பூட்டி வையுங்கள். எதையாவது விழுங்கிவிட்டாள் என்று சந்தேகம் வந்தால், "நல்லாத்தானே இருக்கா" என்று காத்திருக்காதீர்கள். சில மருந்துகள் ஈரலைக் கெடுப்பது ஓரிரு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆம்புலன்ஸ் 10177, செல்போனிலிருந்து 112, விஷ முறிவு ஆலோசனைக்கு 0861 555 777.

அவசரம் இல்லை என்றால் கிளினிக். அங்கே காசு கிடையாது. கவுண்டரில் வரிசையில் நிற்பவர்கள் முன்னால் விஷயத்தைச் சொல்ல வேண்டியதில்லை. "சிஸ்டரைத் தனியாப் பார்க்கணும்" என்றால் கார்டு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பல கிளினிக்குகளில் பள்ளி விட்டபிறகு இளையோருக்கென்றே நேரம் ஒதுக்குகிறார்கள், விசாரித்துக்கொண்டு போங்கள். உங்களோடு வர வெட்கப்பட்டால் தனியாகவும் போகலாம். 2005-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி, 12 வயது தாண்டி, விவரம் புரியும் பக்குவம் இருக்கும் பிள்ளை தன் மருத்துவத்துக்குத் தானே சம்மதம் சொல்லலாம். இது தாய் தகப்பனை ஒதுக்கிவைக்க வந்த சட்டம் இல்லை. வீட்டில் சொல்ல முடியாத பிள்ளையும் வைத்தியம் இல்லாமல் போகக் கூடாது என்பதற்காக வந்தது. இந்தச் சட்டத்தைப் பற்றி நம் வீடுகளில் கோபப்படுகிறவர்கள் உண்டு. அதன் அருமை கிளினிக் அறைக்குள் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

உங்கள் கணவருக்கு: தேசிய சுகாதாரச் சட்டப்படி கிளினிக் ஃபைல் ரகசியம். வேலை கொடுப்பவர் வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுக்க முடியாது. சட்டம் சொல்லும் சில விலக்குகள் உண்டு. அதில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இது. யாராவது பிள்ளையை அடித்தார்கள், தப்பாகத் தொட்டார்கள் என்று நம்பக் காரணம் இருந்தால், நர்சும் ஆசிரியரும் சமூகநலப் பணியாளரும் அதைப் புகாராக எழுதியே ஆக வேண்டும். அது சட்டம் போட்ட கடமை.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். காவடி எடுக்கட்டும், மகளும் கூட நடக்கட்டும். ஆனால் தைப்பூசம் வரும்வரை அவளால் காத்திருக்க முடியாது. கிளினிக்குக்கு இந்த வாரமே போங்கள். மாத்திரை எழுதிக் கொடுத்தால் அது வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும். பத்து நாளில் குணம் தெரியவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள்.

எனக்கு 15 வயது. நான் பழகிய பையனுக்கு ஒரு படம் அனுப்பினேன். இப்போது பேசுவதில்லை. படத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். அப்பாவுக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவார். ஸ்கூலுக்குப் போக முடியவில்லை.
*— பெயர் வேண்டாம், பீனிக்ஸ்*

தங்கம், நீ அனுப்பியது நம்பிக்கையில். அவன் செய்தது குற்றம். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. யார் குழப்பினாலும் விடாதே.

உன் சாட்டை அழித்துவிடாதே. அவன் எண், குரூப் பெயர், தேதி, மிரட்டியிருந்தால் அந்த வார்த்தைகள் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. படத்தை மட்டும் யாருக்கும் அனுப்பாதே, சாட்சிக்கு என்றுகூட. 18 வயதுக்குக் குறைந்தவரின் அந்த மாதிரிப் படத்தைக் கைமாற்றுவதே இந்த நாட்டில் பெரிய குற்றம். குரூப்பில் அதை ஃபார்வர்ட் செய்த ஒவ்வொருவரும் மாட்டுவார்கள் என்பதை உன் தோழிகளிடம் சொல்லி வை. சைபர் குற்றச் சட்டமும், ஒருவரின் அந்தரங்கப் படத்தைச் சம்மதம் இல்லாமல் பரப்புவதைத் தனிக் குற்றமாக்கியிருக்கிறது.

116-ஐக் கூப்பிடு. சைல்ட்லைன், எந்த நெட்வொர்க்கிலிருந்தும் இலவசம், ஏர்டைம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லு. மாஜிஸ்திரேட் கோர்ட்டில், அவன் உன்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். 2011-ஆம் ஆண்டின் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி, தாய் தகப்பன் துணை இல்லாமல் நீயே கேட்க முடியும். 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவையும் இருக்கிறது. படம் உன் போனைவிட்டு வெளியே போகாது. அதற்கு ஒரு டிஜிட்டல் கைரேகை மட்டும் எடுத்து, அதில் சேர்ந்திருக்கும் தளங்களுக்குக் கொடுப்பார்கள். அந்தத் தளங்கள் அதை வைத்துத் தேடித் தடுக்கும். வாட்ஸ்அப்பில் ஏற்கனவே கைமாறியதை இது பிடிக்காது. மற்ற இடங்களுக்குப் பரவாமல் இருக்க உதவும்.

படத்தோடு நின்றதா, வேறெதுவும் நடந்ததா என்று நீ எழுதவில்லை. நடந்திருந்தால் உங்கள் ஊர் மகாத்மா காந்தி ஆஸ்பத்திரியிலேயே, பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கான துதுசேலா மையம் இருக்கிறது. பரிசோதனை, ஆறுதல் பேச்சு, போலீஸ் வாக்குமூலம் எல்லாம் ஒரே இடத்தில் நடக்கும். நீ அலைய வேண்டாம். எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். மருந்து வாங்க முதலில் கேஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை.

அப்பாவிடம் நீ தனியாகப் போய் நிற்காதே. அத்தையோ, பெரியம்மாவோ, கோபப்படாத ஒருவரை முதலில் பிடி. அவர் அப்பாவிடம் பேசட்டும். அடிக்க வந்தால் அதையும் 116-இல் சொல்லு. வீட்டில் பிள்ளையை அடிப்பதற்குச் சட்டத்தில் இருந்த சலுகையை 2019-இலேயே அரசமைப்பு நீதிமன்றம் எடுத்துவிட்டது.

வேலை போய்விட்டது, பள்ளிக் கட்டணம் பாக்கி. என் மகனுக்கு ரிப்போர்ட் கார்டு தரவில்லை. வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லி, "உங்க அப்பா எப்போ கட்டுவார்" என்று கேட்டிருக்கிறார்கள். அன்று முதல் வயிற்று வலி என்று படுத்துக்கொள்கிறான்.
*— ஒரு தந்தை, பீட்டர்மாரிட்ஸ்பர்க்*

அந்த வயிற்று வலி நிஜ வலிதான் தம்பி. நடிக்கிறான் என்று நினைத்துவிடாதீர்கள்.

அது அரசுப் பள்ளி என்றால் அவர்கள் செய்தது சட்டவிரோதம். 1996-ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டம், 41-ஆம் பிரிவு, 7-ஆம் உட்பிரிவு: கட்டணம் கட்டாததற்காகப் பிள்ளையை எந்த விதத்திலும் வதைக்கக் கூடாது, ரிப்போர்ட்டையோ டிரான்ஸ்ஃபர் சர்டிஃபிகேட்டையோ நிறுத்திவைக்கக் கூடாது. பிரிவு எண்ணை எழுதியே கடிதம் கொடுங்கள், நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பாக்கி கேட்க வேண்டுமானால் தகப்பனைக் கேட்கட்டும். பிள்ளையை எழுந்து நிற்க வைத்து அவமானப்படுத்துவதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

கூடவே கட்டண விலக்குக்கு எழுதுங்கள். ஒரு பிள்ளைக்கான கட்டணம் தாய் தகப்பன் இருவரின் வருஷ வருமானத்தில் 10 சதவீதமோ அதற்கு மேலோ ஆனால் முழு விலக்கு, அதற்குக் கீழே என்றால் விகிதத்தைப் பொறுத்துப் பகுதி விலக்கு கிடைக்கலாம். பிள்ளைக்காக சாசா பணம் (அரசு தரும் சமூக உதவித்தொகை) வாங்கினால் கட்டவே வேண்டியதில்லை. பள்ளிக் குழு மறுத்தால் 30 நாளுக்குள் மாகாணக் கல்வித் துறைத் தலைவருக்கு மேல்முறையீடு செய்யலாம். விலக்கு கேட்பதைப் பிச்சையாக நினைக்கிறவர்கள் நம்மில் அதிகம். சட்டம் கொடுத்த உரிமையைக் கேட்கிறீர்கள், தலை நிமிர்ந்து கேளுங்கள். மகனுக்கும் தெரியும்படி கேளுங்கள்.

பேரன் மேட்ரிக்கில் (கிரேடு 12 இறுதித் தேர்வு) கணக்கில் ஃபெயில். சாப்பிட மாட்டேன் என்கிறான். இனி அவனுக்கு வழி உண்டா?
*— ஒரு பாட்டி, வெருலம்*

உண்டு பாட்டி. மே, ஜூனில் மறுபடி எழுதலாம். கல்வித் துறையின் 'செகண்ட் சான்ஸ்' திட்டத்தில் பாடக் குறிப்பும் வகுப்பும் இலவசம். ஆனால் பதிவு வருஷத் தொடக்கத்திலேயே மூடிவிடும். திங்கட்கிழமை காலையிலேயே அவனை அடையாள அட்டையோடு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்புங்கள், முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். தொழிற்கல்வி சொல்லித்தரும் டி.வெட் காலேஜ் கதவும் திறந்துதான் இருக்கிறது. வீட்டு வருமானம் வருஷத்துக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் அரசின் மாணவர் உதவித் திட்டமான என்ஸ்ஃபாஸுக்கு விண்ணப்பிக்கலாம்.

அதுவரை வீட்டில் யாரும் பக்கத்து வீட்டுப் பையனின் மார்க்கைப் பேச வேண்டாம். சாப்பாட்டைத் தட்டில் போட்டு அவன் அறைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். நாலைந்து நாள் கழித்தும் சாப்பிடவில்லை, தூங்கவில்லை என்றால் மேலே சொன்ன 0800 எண்தான் அவனுக்கும்.