இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குப் போட்ட விண்ணப்பம் மட்டும் போதுமா?

வணக்கம் அம்மா. மகள் பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல், கம்ப்யூட்டர் எடுத்தவள். இன்ஜினியரிங் கிடைத்தால் அது, இல்லாவிட்டால் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று சொன்னீர்கள். "கவுன்சலிங்குக்கு அப்ளிகேஷன் போட்டாச்சு, எல்லா காலேஜும் அதிலேயே வந்துடும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வராது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் போட்டது டி.என்.இ.ஏ. விண்ணப்பம். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிற அது, இன்ஜினியரிங்குக்கு மட்டும்தான். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ. என்று வேறு இணையதளம், வேறு விண்ணப்பம். தனியார் கலைக் கல்லூரிகளுக்கு அந்தந்தக் கல்லூரியிலேயே தனித்தனியாகப் போட வேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் அப்படித்தான்.

அரசுக் கலைக் கல்லூரி விண்ணப்பத்தை இந்த வாரமே போட்டுவிடுங்கள். இன்ஜினியரிங்குக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குத்தான் கட்-ஆஃப், அதாவது வரிசைப்படுத்துகிற மதிப்பெண். கம்ப்யூட்டர் மார்க் அதில் சேராது. பி.எஸ்சி.க்கு மொழிப்பாடங்கள் போக மற்ற நான்கு பாடங்களையும் கூட்டி 400-க்குப் பார்ப்பார்கள். கம்ப்யூட்டரில் நல்ல மார்க் வாங்கிய பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள். ஆனால் ஒன்று. இங்கே கலந்தாய்வு கல்லூரியிலேயே நடக்கும். எந்தத் தேதியில் எந்த மார்க் வரை கூப்பிடுகிறார்கள் என்று பார்த்து, அன்றைக்கு நேரில் போய் நிற்க வேண்டும். போகாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

இன்ஜினியரிங் கலந்தாய்வு முழுக்க ஆன்லைன். அதில் பிள்ளைகள் சறுக்குவது, எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு வேண்டும் என்று வரிசையாக எழுதுகிற விருப்பப் பட்டியலில்தான். "நம்ம மார்க்குக்கு இது கிடைக்காது" என்று பிடித்த கல்லூரியை விட்டுவிடுகிறார்கள், அல்லது கீழே தள்ளிவிடுகிறார்கள். கிடைக்குமோ கிடைக்காதோ, ஆசைப்படுகிற வரிசையில் எழுதச் சொல்லுங்கள். மேலே எழுதியது கிடைக்காவிட்டால் கம்ப்யூட்டர் தானாக அடுத்ததைப் பார்க்கும். ஆசைப்பட்டதை மேலே எழுதுவதால் எந்த நஷ்டமும் இல்லை. கல்லூரி எண்ணையும் பாடப்பிரிவுக் குறியீட்டையும் மட்டும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள் இருக்கின்றன.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், ஏற்றுக்கொண்டு சேர்கிறேன், ஏற்றுக்கொள்கிறேன் ஆனால் மேலே உள்ளதற்கும் காத்திருக்கிறேன் என்பதுபோலச் சில வழிகள் கேட்பார்கள். காத்திருக்கிறேன் என்று சொல்லி மேலே உள்ள இடம் கிடைத்துவிட்டால், முதலில் கிடைத்த இடம் கையைவிட்டுப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. ஆகவே இப்போது கிடைத்ததைவிட உண்மையிலேயே வேண்டும் என்பவை மட்டும்தான் அதற்கு மேலே இருக்க வேண்டும். இதைப் பட்டியல் எழுதும்போதே யோசிக்க வேண்டும். ஒதுக்கீடு வந்த அன்று யோசித்தால் பதற்றத்தில் தவறு நடக்கும்.

இன்னொன்று. பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போட்டதாகச் சொன்னீர்களே, எந்த மொபைல் எண்ணைக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். ஓ.டி.பி.யும் எல்லாத் தகவலும் அந்த எண்ணுக்குத்தான் வரும். உங்கள் வீட்டு எண்ணாக இல்லாவிட்டால் நாளைக்கே இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கான சேவை மையத்துக்குப் போய் மாற்ற வழி கேளுங்கள். பாஸ்வேர்டும் உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

அப்புறம், உங்களை ராத்திரி தூங்கவிடாத விஷயம். தனியார் கல்லூரியில் "இன்னிக்கே பணம் கட்டினால்தான் சீட்" என்கிறார்கள். அரசுக் கலந்தாய்வு அதற்குப் பிறகுதான் வருகிறது. கட்டுவதாக இருந்தால், விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று முதலில் எழுத்தில் கேளுங்கள். அசல் சான்றிதழ்களைக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். கல்லூரிகள் அசலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது. என்னிடம் வந்த ஒரு பையனின் மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) ஒரு கல்லூரியில் மாட்டிக்கொண்டது. அதை வாங்க அவன் அப்பா நான்கு தடவை அலைந்தார். அதற்குள் அரசுக் கல்லூரிக் கலந்தாய்வு முடிந்துவிட்டது. அந்தப் பையனின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

உங்கள் வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றீர்கள். முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள், இன்ஜினியரிங் கிடைத்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. சாதிச் சான்றிதழில் பெயரும் இனிஷியலும் மார்க் ஷீட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சனிக்கிழமை வரும்போது மகளையும் அழைத்து வாருங்கள். விருப்பப் பட்டியலை அவள் கையாலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரட்டும். மூன்று பேரும் உட்கார்ந்து பார்ப்போம்.