டெண்ட் அதேதான், ஆளுங்கதான் வேற

கேள்வி: 'கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்'ங்கற பேக்கிங் போட்டி டிவி ஷோ பிபிசில இருந்து சேனல் 4க்குப் போயி ஆங்கர்ஸும் மாறினப்புறம் அது அதே ஷோதானா?

பதில்: போட்டி அதேதாங்க. 2017ல மாறினப்போ ஆங்கர்ஸ் மெல், சூ, ஜட்ஜ் மேரி பெர்ரி யாரும் கூடப் போகல, இன்னொரு ஜட்ஜ் பால் ஹாலிவுட் மட்டும் போனாரு, ஆனா தயாரிக்கிறது அதே கம்பெனிங்கறதால போட்டி நடக்கற டெண்ட், மூணு ரவுண்டு, அதுல டெக்னிக்கல்ங்கற ரவுண்டுல அரைகுறை ரெசிபி குடுக்கறது எல்லாம் அப்படியே இருக்கு. எனக்கு உறுத்தறது நடுவுல வர்ற விளம்பரம், பிபிசில அது கிடையாது, கேக் உப்பி வருதான்னு ஓவன் முன்னாடி உக்காந்திருக்கறவங்களோட நாமளும் மூச்சப் பிடிச்சிட்டு இருக்கறப்போ பிரேக் விட்டா கடுப்பாகுது. மாறினப்புறம் வந்த ஆங்கர் நோயல் ஃபீல்டிங் நல்லாத்தான் பண்றாரு. ஆனா யாராவது அழுதா மெல்லும் சூவும் பக்கத்துல போயி வேணும்னே கெட்ட வார்த்தை பேசி அந்த சீன ஒளிபரப்ப முடியாம பண்ணிடுவாங்களாம், அந்தப் பாசத்துக்கு ஈடே இல்லங்க.