வலியை வணங்கும் நாட்டில் பிறந்த எல்ஃப்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை வீசி, பாத்திரம் ஏற்று ஆடும் ஆட்டங்களைப் பற்றிய கேள்விகளுக்கு இப்பகுதியில் பதில் எழுதி வருகிறேன். இம்முறை சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்த கடிதங்களில் நான்கு ஒரே பொருளைத் தொட்டிருந்ததால், மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஐயா, நாங்கள் ஐந்து பேர் ஞாயிறுதோறும் பாத்ஃபைண்டர் என்ற ஆட்டத்தை ஆடுகிறோம். அடுத்த கதைக்கு, அதன் கற்பனை உலகில் உள்ள நைடல் நாட்டில் பிறந்த ஓர் எல்ஃபை (நெடுங்காலம் வாழும் கற்பனை இனத்தவனை) உருவாக்க ஆசை. வலியின் தெய்வமான ஸோன்-குதானை வணங்குபவன், உடம்பெல்லாம் தழும்பு, கையில் முள் சங்கிலி என்று எழுதிவிட்டேன். அதற்கு மேல் ஓடவில்லை.
— கல்லூரி மாணவர், அஸ்தம்பட்டி

பதில்: அரிதாரம் பூசி முடித்துவிட்டீர்கள், தம்பி, ஆள் இன்னும் வந்து சேரவில்லை. நானும் இதே இடத்தில் வழுக்கியவன்தான். என் முதல் நைடல் பாத்திரம் வாயைத் திறந்தாலே சித்திரவதையைப் பற்றித்தான் பேசும். முதல் நாள் எல்லோரும் சிலிர்த்தார்கள், இரண்டாம் நாள் சிரித்தார்கள், மூன்றாம் நாள் என் முறை வந்தபோது மேசையில் இருந்த நால்வரும் தட்டுவடை செட்டில் காரம் போதுமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நாடு ஏன் வலியை வணங்கத் தொடங்கியது என்பதிலிருந்து தொடங்குங்கள். அந்த உலகின் ஆண்டுக் கணக்கில் -5293-ஆம் ஆண்டில், அதாவது அந்தக் கணக்கு தொடங்குவதற்கு வெகுமுன்பே, வானிலிருந்து கற்கள் விழுந்து, எழுந்த புழுதி கதிரவனையே மறைத்தது. கதிரவன் வானில் இருக்கும்வரை வெளியே வரக் கூடாது என்ற நிபந்தனையுடன் நிழலுலகில் அடைக்கப்பட்டிருந்த ஸோன்-குதான், கதிரவன் மறைந்ததால் விடுபட்டான். பசியாலும் குளிராலும் மடிந்துகொண்டிருந்த குதிரை மேய்க்கும் நாடோடிகள் அவனிடம் அடைக்கலம் கேட்டு உயிர் பிழைத்தார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகளாக அந்தக் கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே நைடல்காரனின் பக்தியில் கொடூரத்தைவிடப் பழைய அச்சமும், அந்த அச்சத்தைச் சொல்லக் கூச்சப்படும் ஒரு வகை மரியாதையும்தான் மிகுதி.

இனி எல்ஃப் என்பதற்கு வருவோம். இந்தப் பாத்திரத்தின் சாரமே இங்குதான் இருக்கிறது. அந்தக் கற்கள் விழுவதற்கு முன்பே எல்ஃப்களில் பெரும்பாலோர் மாய வாயில்கள் வழியாக அவ்வுலகை விட்டு வெளியேறிவிட்டார்கள். 2632-ஆம் ஆண்டில்தான் திரும்பினார்கள். நைடல் மக்கள் தெய்வத்தின் காலில் விழுந்த அந்த இருட்டில் எல்ஃப்கள் பெரும்பாலும் அங்கே இல்லை. இது அந்த நாட்டில் வளரும் ஓர் எல்ஃபின் காதில் எத்தனை முறை விழுந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்: “உங்களவர்கள் ஓடிப்போனார்கள், நாங்கள்தான் இருந்து தாங்கினோம்.” உங்கள் பாத்திரம் மற்றவர்களைவிட ஒரு தழும்பு கூடுதலாகப் போட்டுக்கொண்டதற்கு இந்த ஒரு பேச்சே போதுமான காரணம்.

அடுத்தது வயது. எல்ஃபின் உடல் இருபது வயதளவில் முதிர்ந்துவிடும். ஆனால் நூறை நெருங்கும்போதுதான் அவர்கள் சமூகம் அவரைப் பெரியவராக மதிக்கும். அறுநூறு ஆண்டுவரை வாழலாம். மனிதரிடையே வளர்ந்து, வளர்த்தவர்களையும் உடன் விளையாடியவர்களையும் அடுத்தடுத்துப் பறிகொடுக்கும் எல்ஃப்களை ‘ஃபர்லார்ன்’, அதாவது கைவிடப்பட்டோர், என்கிறது ஆட்டம். அதே பெயரில் ஒரு திறனும் உண்டு. உணர்வைக் கலைக்கும் மந்திரங்களிலிருந்து தப்ப வீசும் பகடையில் அது ஒன்றைக் கூட்டித் தரும். விதிப் புத்தகம் துக்கத்தைக் கவசமாக்குகிற இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். உங்கள் எல்ஃபுக்கு 110 வயது என்று வையுங்கள். மருத்துவச்சியாக இருந்த ஒரு மனிதப் பெண் அவனை எடுத்து வளர்த்தாள். அவளுக்குப் பின் மகள், மகளுக்குப் பின் பேத்தி. மூவரும் ஒரே சடங்கை ஒரே கத்தியால் அவன் தோளில் செய்திருக்கிறார்கள். தழும்பு மூன்று, கை மூன்று, இரண்டு கைகள் இப்போது மண்ணுக்குள். “உடம்பெல்லாம் தழும்பு” என்று எழுதியதை அடித்துவிட்டு இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தோற்றத்துக்கும் ஒரு குறிப்பு. அந்த உலகின் எல்ஃப்கள் நீண்ட காலம் வாழும் இடத்தின் சாயலை மெல்ல உடலில் ஏற்றுக்கொள்வார்கள். ஏற்காட்டில் சில்வர் ஓக் மரத்துக்கும் பலா மரத்துக்கும் அடியில் நிற்கும் காப்பிச் செடியின் இலையையும், வெயிலில் நிற்கும் செடியின் இலையையும் அருகருகே பிடித்துப் பாருங்கள். நிழலில் வளர்ந்தது அகன்று, கருத்து, மெலிந்திருக்கும். நைடலின் நிழற்காட்டில் வளர்ந்தவனை அப்படி வரையலாம். கறுப்பு அங்கியும் மண்டையோடும் தேவையில்லை.

எண்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்ஃபுக்குச் சுறுசுறுப்பும் அறிவும் கூடும், உடல் உறுதி குறையும், இனம் தரும் உயிர்ப்புள்ளி (எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்) ஆறுதான். வலியைப் போற்றுகிறவனுக்கு வலி தாங்கும் உடம்பு இல்லை என்ற இந்த முரணை விதியே இலவசமாகக் கொடுத்திருக்கும்போது, அதைச் சரிக்கட்டப் புள்ளிகளைச் செலவிடாதீர்கள்.

கேள்வி: நான் ஜி.எம்., அதாவது கதையை நடத்துபவர். ஒருவர் நைடல் எல்ஃபாக வருகிறார்; மற்றவர்கள் ஷெலின், டெஸ்னா என்ற வேறு இரு தெய்வங்களை வணங்குபவர்கள். இவர்களை எப்படி ஒரே வண்டியில் ஏற்றுவது?
— வாசகி, ஏற்காடு

பதில்: நீங்கள் நினைப்பதைவிட எளிது. ஸோன்-குதான் முன்பு டூ-பிரால் என்ற பெயரில் ஷெலினோடு அழகையும் கலையையும் காத்தவன், தந்தை வழியில் அவளுடைய உடன்பிறப்பு. அண்டங்களுக்கு அப்பால் போய் உருக்குலைந்து திரும்பிய அவன் மாறுவான் என்று ஷெலின் இன்னும் நம்புகிறாள். ஷெலினின் அடியார் இந்த எல்ஃபோடு நடக்க இதைவிடக் காரணம் வேண்டுமா? டெஸ்னாவோ எல்ஃப்கள் காலங்காலமாகக் கும்பிடும் தெய்வம். நைடலிலேயே அவளை மறைவாக வணங்குவோர் உண்டு.

உரசல் வேண்டிய இடம் வேறு. துன்பப்படுகிறவருக்கு ஆறுதல் அளிப்பதும், நீண்ட நேரம் நிற்கும் வெளிச்சத்தை உண்டாக்குவதும் ஸோன்-குதானின் அடியார்களுக்கு விலக்கு. இதை வைத்துக் கதை நடத்துங்கள். சென்ற மே மாதம் உங்கள் ஊரிலேயே ஒரு மாடி அறையில் நாங்கள் ஆடியபோது, தோழன் கை முறிந்து கிடக்க, நைடல்காரராக ஆடியவர் கட்டுப்போட்டு முடித்துவிட்டு, “சரியாகிவிடும்” என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்ல முடியாமல், பகடையை உள்ளங்கையில் வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியே மூடுபனி உள்ளே வந்துகொண்டிருந்தது. யாரும் எழுந்து சாத்தவில்லை. அன்று மேசையில் ஒரு துளி இரத்தம்கூட வர்ணிக்கப்படவில்லை.

ஆட்டம் தொடங்குமுன் ஒரு நாள் உட்கார்ந்து, எது கதையில் வரவே கூடாது, எது திரைக்குப் பின்னால் மட்டும் நடக்கலாம் என்று எல்லோரிடமும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் யாருக்கேனும் ஒவ்வாவிட்டால் தொட்டுக் காட்ட ஓர் எக்ஸ் கார்டும் மேசையில் இருக்கட்டும். தொட்டவரிடம் காரணம் கேட்கக் கூடாது.

கேள்வி: என் மகனின் நோட்டில் “வலியே வழிபாடு” என்று எழுதியிருந்தது. ஆட்டத்துக்காம். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.
— ஒரு தாய், குகை, சேலம்

பதில்: அம்மா, ஆடி மாதம் உங்கள் தெருவழியே அலகு குத்திக்கொண்டு போகிறவர்களைப் பார்த்து நீங்கள் பயந்திருக்க மாட்டீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியதற்காக வேண்டிக்கொண்டவர் அவர். வேண்டுதல் தீர்ந்ததும் அலகை எடுத்துத் திருநீறு வைத்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறார். அங்கே வலி, அம்மனுக்குச் செலுத்தும் காணிக்கை. பழைய நவகண்டச் சிற்பங்களில் தன் உடலையே அறுத்துக் கொற்றவைக்குக் கொடுக்கும் வீரன்கூட வெற்றியை வேண்டித்தான் கொடுக்கிறான். உங்கள் மகன் எழுதும் கற்பனை நாட்டில் காணிக்கையே சாமியாகிவிட்டது. அப்படியொரு ஊரில் மனிதர் எப்படி இருப்பார் என்று அவர் யோசித்துப் பார்க்கிறார். ஒரு ஞாயிறு அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலும் கணக்குப் போட்டுக்கொண்டும் கத்திக்கொண்டும் இருப்பார்கள்.

ஆனால் ஒன்று. மகன் கோடையிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாமல் இருந்தாலோ, உடம்பில் புதிய காயம் தெரிந்தாலோ, அதை ஆட்டத்தின் கணக்கில் எழுதாதீர்கள். திட்டாமல் கேளுங்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: நைடல் எல்ஃபுக்குத் தமிழ்ப் பெயர் வைக்கலாமா? எல்ஃபை யட்சன் என்று சொல்லலாமா?
— வாசகர், ஓமலூர்

பதில்: யட்சன் வேண்டாம், குபேரனும் புதையலும் கூடவே வந்துவிடும். எல்ஃப் என்றே எழுதுங்கள். பெயர் தமிழில் இருப்பதில் தவறில்லை. ஆனால் மனிதர் வளர்த்த எல்ஃபுக்கு மனிதர்தான் பெயர் வைத்திருப்பார்கள் என்பதை மறக்காதீர்கள். நம் வீடுகளில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதுபோல அந்த வீட்டிலும் ஒரு குழந்தைக்கு இவன் பெயரை வைத்திருக்கலாம். அந்தக் குழந்தை கிழவனாகிச் செத்த அன்று, அதே பெயரைச் சொல்லி ஊர் அழுதபோது, இவன் வாசலில் நின்றானா, காட்டுக்குள் போய்விட்டானா என்பதை முடிவு செய்துகொண்டு பெயரை எழுதுங்கள்.